எண்ணுவதை நிறுத்தாத பெட்டி

நுழையும் முன்

வானத்தை ஆராயும் கருவி என்றதும் தொலைநோக்கியே நம் நினைவுக்கு வரும். இப்பாடத்தில் நாம் காணப்போகும் கருவிக்கு வில்லையும் இல்லை, ஆடியும் இல்லை. அது வானை நோக்கித் திரும்புவதும் இல்லை. ஈயத்தாலும் மெழுகாலும் சூழப்பட்ட சில குழாய்கள் ஒரு கூரையின்கீழ் இரவும் பகலும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கின்றன. அவை எண்ணுவது எதை? அந்த எண்களைக் கொண்டு சூரியனில் நிகழ்வதை அறிவது எவ்வாறு? வாருங்கள், படித்தறிவோம்.

விண்ணிலிருந்து வரும் கதிர்

நீங்கள் இவ்வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கையின் ஊடே சில துகள்கள் பாய்ந்து சென்றிருக்கும். வலி இல்லை, ஒளி இல்லை, ஓசையும் இல்லை. வீட்டின் கூரையும் அவற்றைத் தடுப்பதில்லை. விண்வெளியின் தொலைவிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் நம் காற்றுமண்டலத்தில் மோதியதனால் பிறந்த துகள்கள் அவை.

இக்கதிர்கள் இருப்பதையே நூறாண்டுகளுக்குச் சற்று முன்புவரை எவரும் அறிந்திருக்கவில்லை. மின்னூட்டம் பெற்ற மின்காட்டி ஒன்றை நன்கு மூடி வைத்தாலும் அதன் மின்னூட்டம் மெல்ல மெல்லக் குறைவதை அறிஞர்கள் கண்டனர். மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களே இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணினர். அவ்வாறாயின் தரையை விட்டு மேலே செல்லச் செல்ல இவ்விளைவு குறைய வேண்டும் அன்றோ? இதனை ஆராய ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறினார். 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அவருடைய பலூன் ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரத்தை அடைந்தது. குளிரும் மெல்லிய காற்றும் வருத்தும் அவ்வுயரத்தில் அவர் அளந்தபோது, கதிர்வீச்சு குறையவில்லை. தரையில் இருந்ததைவிட மிகுந்திருந்தது. கதிர்கள் கீழிருந்து வரவில்லை, மேலிருந்து வருகின்றன என்பது அன்று விளங்கிற்று. சூரியனிடமிருந்து வருகின்றனவோ என்னும் ஐயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்து அளந்திருந்தார். சூரியன் மறைந்தும் கதிர்வீச்சு குறையவில்லை. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1936இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வந்து, காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் மேலும் சில அணுக்கருக்களை உடைக்கின்றன. ஒன்று பலவாகி, பல நூறாகி, துகள்களின் மழை ஒன்று கீழ்நோக்கிப் பொழிகிறது. அம்மழைத் துளிகளுள் ஒருவகையே நியூட்ரான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நியூட்ரானைப் பிடிப்பது எளிதன்று. அதற்கு மின்னூட்டம் இல்லை. மின்னூட்டமுள்ள துகள் செல்லும் வழியெல்லாம் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துத் தடம் பதித்துவிட்டுப் போகும். நியூட்ரானோ ஓசையின்றி நடக்கும் பூனையைப் போன்றது; தானாகத் தடம் விடாது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சிம்ப்சன் என்னும் இயற்பியலறிஞர் 1940களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். நியூட்ரான் கண்காணிப்புக் கருவி என இன்று அழைக்கப்படுவது அவர் வகுத்த அமைப்பேயாகும். அதனை உள்ளிருந்து வெளியே நோக்குவோம்.

நடுவில் நீண்ட உலோகக் குழாய். அதனுள் போரான் கலந்த வளிமம் நிரம்பியிருக்கும். மெதுவாக நகரும் நியூட்ரான் ஒன்று போரான் அணுக்கருவை அடைந்தால் அணுக்கரு அதனை விழுங்கி இரண்டாகப் பிளக்கும். பிளந்த இரு துண்டுகளுக்கும் மின்னூட்டம் உண்டு. அவை வளிமத்தில் ஒரு சிறு மின்துடிப்பை உண்டாக்கும். ஒரு துடிப்பு, ஓர் எண்ணிக்கை. இங்கே 'மெதுவாக' என்னும் சொல்லைக் கவனியுங்கள். விரைந்து பாயும் நியூட்ரானைப் போரான் பிடிப்பது அரிது. ஆகவே முதலில் அதன் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

வேகத்தைத் தணிப்பது எவ்வாறு? கோலிக்குண்டு விளையாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓடிவரும் குண்டு ஓர் அம்மிக்கல்லில் மோதினால் அதே வேகத்துடன் திரும்பித் தெறிக்கும். தன்னை ஒத்த இன்னொரு குண்டில் நேராக மோதினாலோ, வந்த குண்டு நின்றுவிடும். நின்ற குண்டு ஓடும். நியூட்ரானுக்கு ஏறத்தாழச் சம நிறையுடையது ஹைட்ரஜன் அணுக்கரு. எனவே ஹைட்ரஜன் மிகுந்த பாரஃபின் மெழுகோ பாலித்தீனோ குழாயைச் சுற்றி வைக்கப்படுகிறது. அதற்குத் தணிப்பான் என்று பெயர்.

தணிப்பானுக்கு வெளியே கனத்த ஈய வளையங்கள் உள்ளன. பலரும் ஈயம் என்றவுடன் கதிர்வீச்சைத் தடுக்கும் பொருள் என்று எண்ணுவர். இங்கு அதன் பணி வேறு. மிகுந்த ஆற்றலுடைய நியூட்ரான் ஈயத்தின் பெரிய அணுக்கருவைத் தாக்கும்போது அவ்வணுக்கரு சூடேறிய சட்டியில் விழுந்த நீர்போலப் பல நியூட்ரான்களைச் சிதறுகிறது. வந்தது ஒன்று, எண்ணக் கிடைப்பவை பல. ஆதலால் ஈயம் இங்கே தடுப்பாக இல்லை, பெருக்கியாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் வெளியே மீண்டும் ஒரு மெழுகு உறை அல்லது பாலித்தீன் உறை உண்டு. அதற்கு இரண்டு வேலைகள். உள்ளே பிறந்த நியூட்ரான்களை வெளியேற விடாமல் திருப்பி அனுப்புவது ஒன்று. சுற்றுப்புறத்தில் அலையும் மெதுவான நியூட்ரான்களை உள்ளே விடாமல் நிறுத்துவது மற்றொன்று. ஆயினும் அவ்வுறையால் எல்லாவற்றையும் தவிர்க்க இயலாது. மலை உச்சியிலுள்ள நிலையங்களில் கூரைமீது பனி குவிந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். அங்கே பணியாற்றும் அறிஞர்களுக்குப் பனிவாரும் மண்வெட்டியும் ஓர் ஆய்வுக் கருவிதான்!

காற்றின் கனம்

பின்லாந்து நாட்டின் ஔலு நகரில் 1964 முதல் இத்தகைய நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. ஒன்பது குழாய்கள் கொண்ட அந்நிலையம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 நியூட்ரான்களை எண்ணுகிறது. அடுத்த நிமிடம் 6,070 என்று காட்டினால் விண்ணில் ஏதோ நிகழ்ந்துவிட்டது எனக் கொள்ளலாமா? கூடாது. மழைத்துளிகள் ஒரு முற்றத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே எண்ணிக்கையில் விழுவதில்லை. தற்செயலாக வரும் நிகழ்வுகளை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பு. 6,000இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 77. ஆகவே ஒரு நிமிட அளவீட்டில் 1.3 விழுக்காடு தடுமாற்றம் இருக்கும். ஒரு மணிநேரம் எண்ணினால் 3,60,000, அதன் வர்க்கமூலம் 600, தடுமாற்றம் 0.17 விழுக்காடாகக் குறைந்துவிடும். பொறுமையாக நெடுநேரம் எண்ணுவதன் பயன் இது. பூமியின் சுழற்சியால் நாள்தோறும் ஏற்படும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த ஏற்றஇறக்கத்தைக்கூட இவ்வாறு காண முடிகிறது. அகமதாபாத்தில் 1947இல் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவிய விக்ரம் சாராபாய், அண்டக்கதிர்கள் காலத்தோடு மாறுவதைத்தான் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டிருந்தார். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை என்று நாம் அறிந்த அவரை இக்கோணத்திலும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணுவதோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. நம் தலைக்குமேல் உள்ள காற்றும் இக்கருவியின் ஒரு பகுதியே. காற்று கனத்தால் வழியில் அழியும் துகள்கள் மிகும், இலேசானால் குறையும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் உயர்ந்தால் நியூட்ரான் எண்ணிக்கை ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைகிறது. கடற்கரை நகரம் ஒன்றில் இக்கருவி இருப்பதாகக் கொள்வோம். புயல் நெருங்குகிறது. அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்குகிறது. எண்ணிக்கை 15 விழுக்காடு அளவுக்கு ஏறிவிடும். விண்ணில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது காற்று மட்டுமே. எனவே ஒவ்வொரு நியூட்ரான் கருவியின் அருகிலும் நுட்பமான காற்றழுத்தமானி ஒன்று வைக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கான கிலோ ஈயம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அச்சிறு அழுத்தமானி. அது பிழைபட்டால் எண்ணியதெல்லாம் பாழ்.

மலைமேல் நிலையம் அமைப்பதன் காரணமும் இதிலிருந்தே புலப்படும். சிம்ப்சன் தம் கருவிகளுள் ஒன்றைக் கொலராடோ மாநிலத்தில் கிளைமாக்ஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் நிறுவினார். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே எண்ணிக்கை பத்து மடங்கு அளவுக்கு மிகும்.

பூமி என்னும் சல்லடை

1927இல் டச்சு அறிஞர் ஜேக்கப் கிளே ஜாவாத் தீவிலிருந்து நெதர்லாந்துக்குக் கப்பலில் சென்றார். வழியெல்லாம் கதிர்வீச்சை அளந்துகொண்டே சென்ற அவர், நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது குறைந்திருப்பதைக் கண்டார். காரணம் பூமியின் காந்தப்புலம். மின்னூட்டமுள்ள துகள்களை அது வளைத்துத் திருப்பிவிடுகிறது. துருவப் பகுதிகளில் காந்தக்கோடுகள் செங்குத்தாக இறங்குவதால் குறைந்த ஆற்றலுடைய துகள்களும் உள்ளே நுழைகின்றன. நிலநடுக்கோட்டருகே அவை குறுக்கே கிடப்பதால் பேராற்றல் கொண்டவை மட்டுமே நுழைய இயலும்.

தென்னாசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இச்சல்லடையின் கண்கள் மிகச் சிறியவை. தாய்லாந்தின் மிக உயர்ந்த மலையான தோய் இந்தனோன்மீது 2007இல் தொடங்கிய நியூட்ரான் நிலையம் ஒன்று உள்ளது. அங்கே ஒரு புரோட்டான் செங்குத்தாக நுழைய வேண்டுமாயின் அதற்கு ஏறத்தாழ 1,600 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. தென்துருவத்திலோ காந்தப்புலத்தின் தடை இல்லை என்றே சொல்லலாம்; காற்று மட்டுமே தடை. இரு நிலையங்களின் எண்களையும் அருகருகே வைத்தால், வந்த கதிர்களில் ஆற்றல் குறைந்தவை எத்தனை, மிகுந்தவை எத்தனை என்பது புலனாகும். ஒரு நிலையத்தால் தனியே இதைச் சொல்ல முடியாது.

1956 பிப்ரவரி 23

அன்று சூரியனில் மாபெரும் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அங்கிருந்து ஒளி பூமியை வந்தடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். அதன்பின் சில நிமிடங்களிலேயே வேகம் மிகுந்த புரோட்டான்களும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த நியூட்ரான் கருவியின் எண்ணிக்கை இயல்பைவிட நாற்பது மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. கருவி பழுதாகிவிட்டதோ என்று ஐயுறத் தோன்றும் உயர்வு! ஆனால் வெவ்வேறு நாடுகளிலும், கண்டங்களிலும் இருந்த கருவிகள் ஒரே வேளையில் உயர்வைக் காட்டியதால் ஐயத்துக்கு இடமில்லாமற்போயிற்று. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் உயர்வு மிகக் குறைவாகவே இருந்தது. சூரியனிலிருந்து வந்தவற்றுள் சல்லடையைக் கடக்கும் ஆற்றல் கொண்டவை சிலவே என்பதை அவ்வேறுபாடு காட்டியது.

தரையில் இருப்பவர்களுக்குக் காற்றுமண்டலம் தடித்த போர்வை. ஆனால் 10, 12 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்தை ஒட்டிய வழியில் பறக்கும் விமானத்தில் இருப்பவர்களுக்குப் போர்வையின் பெரும்பகுதி காலுக்குக் கீழே இருக்கிறது. விண்வெளி வீரருக்கோ போர்வையே இல்லை. செயற்கைக்கோள்களின் மின்னணுச் சில்லுகளும் இத்துகள்களால் தடுமாறும். 1942 முதல் இன்றுவரை தரையிலேயே உணரத்தக்க சூரிய வெடிப்புகள் எழுபதுக்குச் சற்று மேற்பட்டவையே பதிவாகியுள்ளன. அடுத்தது எந்நாளில் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. அது வரும் நிமிடத்தில் கருவி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

வெடிப்போடு புறப்படும் மின்னூட்ட வளிமத் திரள் மெதுவாக, ஓரிரு நாள்களில் பூமியை அடையும். அப்போது வேறொரு விந்தை நிகழ்கிறது. அத்திரளுடன் வரும் காந்தப்புலம் தொலைவிலிருந்து வரும் அண்டக்கதிர்களை விலக்கிவிடுவதால் எண்ணிக்கை திடீரெனச் சில விழுக்காடு சரிந்து, பல நாள்கள் கழித்தே பழைய நிலைக்குத் திரும்பும். இதனை 1937இல் கண்டறிந்தவர் ஸ்காட் ஃபோர்புஷ். அவர் பெயராலேயே இது ஃபோர்புஷ் சரிவு எனப்படுகிறது. எண்ணிக்கையை உயர்த்துவதும் சூரியனே, தாழ்த்துவதும் சூரியனே. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அண்டக்கதிர்கள் குறைவதும், புள்ளிகள் மறையும் ஆண்டுகளில் பெருகுவதும் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறி நிகழ்கின்றன.

குல்மார்க்கில் இடி

நம் நாட்டில் காஷ்மீரத்தின் குல்மார்க்கில், ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஈயம் இல்லாத நியூட்ரான் கருவி அமைக்கப்பட்டது. அங்கே மின்னல் வெட்டும்போது சில வேளைகளில் நியூட்ரான் எண்ணிக்கை கணநேரம் உயர்வதைக் கண்டு, 1985இல் அறிவியலறிஞர்கள் அதனை வெளியிட்டனர். மின்னலில் நியூட்ரான் பிறப்பது எவ்வாறு என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. மின்னலில் தோன்றும் காமாக் கதிர்கள் காற்றின் நைட்ரஜன் அணுக்கருவிலிருந்து நியூட்ரானை உதைத்து வெளியேற்றுகின்றன என்பதற்கான தெளிவான சான்று 2017இல் ஜப்பானில் கிடைத்தது. விண்ணிலிருந்து வருவதை எண்ண வைத்த கருவி, மேகத்துக்குள் நிகழ்வதையும் காட்டிக்கொடுத்தது.

விடுமுறையில் நீலகிரிக்குச் செல்வோர் அறிய ஒன்று: உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே 3,712 குழாய்கள் எண்ணுவது நியூட்ரானை அன்று. அதன் உடன்பிறப்பு என்னத்தக்க மியூவானை. ஆனால் ஃபோர்புஷ் சரிவை அவையும் காண்கின்றன.

நின்றுபோன எண்ணிக்கை

கிளைமாக்ஸ் மலையில் 1951இல் எண்ணத் தொடங்கிய கருவி 2006இல் நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த பதிவு அதோடு அறுந்தது. வேறிடத்தில் புதிய கருவி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வைக்கலாம். ஆனால் அதன் உயரம் வேறு, காந்தத்தடை வேறு, ஈயத்தின் அளவும் வேறு. 1957இன் சூரியனை 2024இன் சூரியனோடு ஒப்பிட வேண்டுமாயின், அதே இடத்தில் அதே கருவி இடையறாது எண்ணியிருக்க வேண்டும். புதியதைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ், பழைய கருவியைப் பழுதின்றிக் காப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஔலுவின் கருவியோ அறுபது ஆண்டுகளைக் கடந்தும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதன் எண்களை இணையத்தில் எவரும், நீங்களும், காணலாம்.

தெரிந்து தெளிவோம்

காற்றில் மெதுவாகிவிட்ட நியூட்ரான்கள் நைட்ரஜனோடு சேர்ந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியை உண்டாக்குகின்றன. மரமும் மனிதரும் உயிரோடிருக்கும்வரை அதனை உட்கொள்கின்றனர். இறந்தபின் அது சிறிது சிறிதாகக் குறைகிறது. கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் காலத்தைக் கணித்தது இம்முறையால்தான். அண்டக்கதிர்கள் இல்லையேல் அக்கணக்கும் இல்லை.

சொற்பொருள்

வில்லை – கண்ணாடிக் குவியம். ஆடி – கண்ணாடி. வளிமம் – வாயு. தணிப்பான் – வேகத்தைக் குறைப்பது. விழுக்காடு – நூற்றில் பங்கு. இடையறாது – நடுவே நிற்காமல். புலனாகும் – தெரியவரும்.

பயிற்சி

1. ஹெஸ் பலூனில் ஏறியபோது எதை எதிர்பார்த்திருக்கலாம்? அவர் கண்டது என்ன?

2. ஈயம், மெழுகு ஆகிய இரண்டும் இடம் மாறினால் கருவியில் என்ன நிகழும்? காரணத்துடன் எழுதுக.

3. ஒரு நிலையத்தில் காற்றழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் உயர்ந்தது. எண்ணிக்கை 3.5 விழுக்காடு குறைந்தது. அன்று ஃபோர்புஷ் சரிவு ஏற்பட்டது என்று ஒருவர் கூறுகிறார். நீங்கள் ஏற்பீர்களா?

4. பிரித்து எழுதுக: அணுக்கரு, காந்தப்புலம், மழைத்துளி, காற்றழுத்தம்.

5. உங்கள் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ மழை தூறும்போது ஒரு தாளை ஒரு நிமிடம் நீட்டி, விழுந்த துளிகளை எண்ணுக. மழை ஒரே அளவாகத் தூறும்வரை புதிய தாள்களைக்கொண்டு பத்து முறை செய்க. பத்து எண்களையும் அட்டவணையாக எழுதி, அவற்றின் சராசரியையும் அச்சராசரியின் வர்க்கமூலத்தையும் கண்டு, எத்தனை எண்கள் அந்த எல்லைக்குள் அமைகின்றன என்று வகுப்பில் கூறுக.